மூலதனமும் கொல்மீனும்: நன்னீர்நிலைகளின் சமூக வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

வடமேல் மாகாணத்துத் தெதுறு ஓயா நீர்த்தேக்கத்திலே பெரியதொரு கொல்மீன் பெருகிவிட்டதென்ற செய்தி 2025 ஆம் ஆண்டில் வெளிவந்தது. தாய்லாந்து, இந்தோனேசியா முதலிய தென்கிழக்காசிய நாடுகளின் ஆறுகளுக்குரிய மீன் அது. நமது விராலின் இனத்ததாயினும் ஒரு மீற்றருக்கு மேலும் நீளமாக வளரக்கூடியது. விராலைப் போன்றே நீர்மட்டத்துக்கு வந்து காற்றை உட்கொண்டு உயிர்வாழ வல்லது. அலங்கார மீனாகத் தருவிக்கப்பட்டுத் தொட்டியில் அடங்காது வளர்ந்தபின் நீர்நிலையில் விடப்பட்டதாக இருக்கலாமென்று அதிகாரிகள் ஐயுற்றனர். 2014 ஆம் ஆண்டில் நிறைவுற்ற அந்நீர்த்தேக்கத்தை நம்பி வாழும் மீன்பிடியாளர், தமது வலைகளில் வழக்கமாக விழுந்த சிறுமீனும் இறாலும் அருகிவிட்டன என முறையிட்டனர். இம்மீனைப் பிடித்துக் குறைப்பதற்கெனத் தூண்டிற் போட்டியொன்றும் நடத்தப்பட்டது. 'ஆக்கிரமிப்பு இனம்' என்னுந் தொடர் இச்செய்திகளில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றது.

மீன் ஆக்கிரமிப்பதில்லை. ஆக்கிரமிப்பதற்குரிய நோக்கமோ, கப்பலோ, இறக்குமதி அனுமதிப் பத்திரமோ அதனிடம் இல்லை. ஒரு கண்டத்தின் மீன் மற்றொரு கண்டத்தின் குளத்தில் நீந்துகிறதெனின், அதனை அங்கு கொண்டுசேர்த்த மனிதக் கரங்களும், அக்கரங்களை இயக்கிய பொருளியல் நலன்களும் உண்டு. உயிரியலாளர் மீனின் இயல்பினை நுணுக்கமாக ஆராய்ந்துள்ளனர். மீனைக் கொணர்ந்த சமூகத்தின் இயல்போ பெரும்பாலும் ஆராயப்படாமலே விடப்பட்டுள்ளது. இவ்விடைவெளியை நோக்கிச் சில கருத்துகளை முன்வைப்பதே நமது எண்ணம்.

நெல்லியடிச் சந்தையை அறிந்தவர்களுக்கு நன்னீர்மீன் பற்றிய இவ்வாராய்ச்சி சற்றுப் புறம்பானதாகத் தோன்றலாம். வடமராட்சியின் உணவுப் பழக்கம் கடலோடு பிணைந்தது. ஆறில்லாத குடாநாடு நமது. சுண்ணக்கல்லின் அடியில் தேங்கும் நீரைக் கிணற்றால் இறைத்து வாழும் சமூகம் இது. குளத்துமீனைச் 'சேற்றுமணம்' என ஒதுக்கும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் உளது. ஆயினும் நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வழியில் வல்லைவெளியைக் கடக்கும் எவரும், இருபுறமும் விரிந்துகிடக்கும் வடமராட்சிக் களப்பைப் பாராதிருக்க முடியாது. அந்நீரை நன்னீராக்கும் கனவு பழையது. 1954 ஆம் ஆண்டில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னுந் திட்டம், கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவுக் களப்பில் தேக்கி, முள்ளியான் கால்வாய் வழியாக வடமராட்சிக் களப்புக்குக் கொணர்வதை நோக்கமாகக் கொண்டது. தொண்டைமானாற்றுத் தடுப்பணை இந்த நீண்ட முயற்சியின் ஒரு பகுதி. திட்டம் முற்றுப்பெறவில்லை. முற்றுப்பெறுமாயின், இரணைமடுவின் மிகைநீரில் உள்ள மீன் எதுவாயினும் அது வல்லைவெளிக்கு வரும். நாம் இத்திட்டத்தை எதிர்க்கவில்லை; நீரை இணைப்போர் நீரில் வாழ்வனவற்றையும் இணைக்கின்றனர் என்பதை மனங்கொள்ளல் வேண்டும் என்பதே நமது கருத்து.

தமிழிலக்கியத்திற்குக் கொல்மீன் புதியதன்று. வாளையும் வராலும் மருதத்திணைப் பாடல்களில் ஓயாது பிறழ்கின்றன. வயலோரத்து மாமரத்திலிருந்து தானே உதிரும் பழத்தைக் கவ்வும் வாளையை, உழைப்பின்றி நுகரும் மருதநிலத் தலைவனின் ஊருக்கு அடையாளமாக ஆலங்குடி வங்கனார் குறுந்தொகையிலே அமைத்துள்ளார். பாசன நீரும் நெல்லும் உபரியும் உருவாக்கிய ஒரு வர்க்கத்தின் வாழ்வை அவ்வுவமை தன்னையறியாமலே காட்டிக்கொடுக்கிறது எனலாம். பிற்காலப் பள்ளுப் பிரபந்தங்களில் மீன்வகைகள் பெயர்பெயராக அடுக்கப்படுகின்றன. முக்கூடற்பள்ளில் வெள்ளத்தோடு வரும் மீன்கூட்டம் யாவரும் அறிந்தது. இப்பட்டியல்களை வெறும் வருணனையெனத் தள்ளிவிடுதல் தவறு. வயலில் இறங்கிய பள்ளர் சமூகத்தின் அன்றாட அறிவு, புலவரின் யாப்புக்குள் புகுந்த அரிய இடங்களுள் அவையும் ஒன்று. நிலவுடைமையாளர் நெல்லின் வகைகளை அறிந்திருக்கலாம். சேற்றில் கால்வைத்தவனே மீனின் வகைகளை அறிவான். இப்பட்டியல்களில் வரும் கொல்மீன் எதுவும் பகையாகக் காட்டப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. விராலும் வாளையும் தாம் வாழ்ந்த நீர்நிலைகளில், தமக்கு இரையாகும் மீன்களோடு நெடுங்காலம் கூடவே வளர்ந்தவை.

'பெரியமீன் சின்னமீனை விழுங்கும்' என்பது வேறொரு மரபிலிருந்து வந்த கருத்து. வடமொழி அரசியல் நூல்கள் இதனை மச்ச நியாயம் என்றன. அரசனின் தண்டம் இல்லாவிடின் வலியோன் மெலியோனை விழுங்குவான் என்பது அதன் வாதம். உண்மையில் தண்டத்தைக் கையில் வைத்திருந்தவனே அக்காலத்துப் பெருமீன் என்பதை அர்த்தசாத்திரம் கூறவில்லை. கூறுமென எதிர்பார்ப்பதும் தகாது. சமூக உறவினை இயற்கையின் மேல் ஏற்றி, அதே இயற்கையைச் சாட்சியாக மீண்டும் சமூகத்துக்கு அழைத்துவரும் இவ்வுத்தியை மார்க்ஸ் நன்கு இனங்கண்டிருந்தார். டார்வின் தமது ஆங்கிலச் சமுதாயத்தின் போட்டியையும் சந்தையையும் விலங்குலகில் மீண்டும் கண்டுள்ளார் என்று 1862 ஆம் ஆண்டில் எங்கெல்சுக்கு எழுதிய கடிதத்தில் அவர் வியப்போடு குறிப்பிட்டார். இன்று ஆக்கிரமிப்பு உயிரினம் பற்றிய பொதுப்பேச்சினை ஆராயும்போதும் இவ்வெச்சரிக்கை பயன்படும்.

நமது நாட்டில் அயல்நாட்டுக் கொல்மீனின் வரலாறு மலைநாட்டில் தொடங்குகிறது. 1848 ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலக் கனவான் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை நிறுவ முற்பட்டு, கொல்லன், வண்டி, வேட்டை நாய், ஆங்கிலப் பசு ஆகிய அனைத்தையும் கப்பலேற்றி வந்தார். அம்முயற்சி தனிமனிதப் பித்தெனத் தோன்றினும் அக்காலத்தின் பொதுப்போக்கு அதுவே. பாரிசில் 1854 இலும் இலண்டனில் 1860 இலும் உயிரினங்களைப் புதிய நாடுகளிற் பழக்கப்படுத்தும் சங்கங்கள் தோன்றின. ஒரு நாட்டின் விலங்கையும் பயிரையும் மற்றொரு நாட்டுக்கு மாற்றுவது அறிவியற் கடமையெனக் கருதப்பட்டது. சிங்கோனா, இரப்பர், தேயிலை ஆகியவற்றை ஏகாதிபத்தியத்தின் தாவரவியற் பூங்காக்கள் கண்டம் மாற்றியதும் இதே வழியில்தான். 1864 ஆம் ஆண்டில் 'நோர்போக்' என்னுங் கப்பல் பாசியில் பொதிந்து பனிக்கட்டியிற் காத்த ட்ரௌட் மீன்முட்டைகளைத் தஸ்மேனியாவுக்குக் கொண்டுசேர்த்தது. அதன்பின் பிரித்தானியக் கொடி பறந்த குளிர்மலை ஒவ்வொன்றிலும் அம்மீன் நீந்தவேண்டுமென்ற ஆசை பிறந்தது.

இலங்கையில் ட்ரௌட் 1880களில் விடப்பட்டது. கோப்பிப் பயிர் இலைநோயினால் அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. இந்த நோயும் 1869 ஆம் ஆண்டில் இங்கு இனங்காணப்பட்ட ஒரு படரும் உயிரியே. ஓரினப் பயிரை மலைமுழுதும் பரப்பியவர் எவரும் அதற்குப் பொறுப்பேற்றதாகத் தெரியவில்லை. தேயிலையின் இலாபம் உறுதிப்பட்ட பின்னர் துரைமாரின் ஓய்வுநேரத்தை நிரப்ப விளையாட்டு மீன் தேவைப்பட்டது. 1896 ஆம் ஆண்டில் இலங்கை மீன்பிடிக் கழகம் அமைந்தது. நுவரெலியாப் பகுதியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் இயங்கியது. கபில ட்ரௌட் தானாகப் பெருகி நிலைபெறவில்லை. பின்னர் கொணரப்பட்ட வானவில் ட்ரௌட்டே ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் நிலைத்தது. அச்சமவெளியின் 'பார் இன்' என்னும் விடுதி, தோமஸ் பார் என்ற தோட்டத்துரையின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

அவ்வுயர்மலை ஓடைகளில் பெரிய கொல்மீன் எதுவும் முன்னர் வாழ்ந்ததில்லை. நீர்வீழ்ச்சிகளைத் தாண்டி அங்கு மீன் ஏற முடியாதிருந்தமையால், ஹோர்ட்டன் சமவெளிக்கே உரிய நன்னீர் இறாலும் தவளைகளும் அத்தகைய பகைக்குப் பழக்கப்படாதனவாகப் பரிணமித்திருந்தன. அவற்றினிடையே ட்ரௌட்டை விட்டது, காவலற்ற களஞ்சியத்தில் எலியை விட்டதற்கு ஒப்பாகும். விட்டவர்களுக்கு அவ்விறாலின் பெயரே தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை ஓடை 'வெறுமையாக' இருந்தது. குடியேற்றவாத அகராதியில் 'வெறுமை' என்ற சொல்லின் பொருளை இலங்கையின் தரிசுநில வரலாற்றைக் கற்றோர் அறிவர்: 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் கண்டிக் குடியானவரின் சேனையையும் காட்டையும் முடிக்குரிய வெறுநிலமென்று முடிவுகட்டியது. நிலத்தில் சட்டம் செய்ததை நீரில் மீன்முட்டை செய்தது.

நீலகிரியிலும் இதே கதை. இந்திய மீன்கள் பற்றிய பெருநூலை எழுதிய பிரான்சிஸ் டே 1860களில் ட்ரௌட்டை அங்கு கொணர முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எச். சி. வில்சன் அதில் வெற்றிகண்டார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் எழுந்தது. மூணாற்றுத் தேயிலைத் துரைமாரும் பின்தங்கவில்லை. இம்மலைகள் அனைத்திலும் கொழுந்து பறித்தவர்கள் தென்தமிழகத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சத்தாலும் கங்காணியின் துண்டாலும் இழுத்துவரப்பட்ட உழைப்பாளர் என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். கழகத்தின் அனுமதியின்றித் தூண்டில் போட இயலாத ஓடைக்கு அருகே லயன் அறைகளில் அவர்கள் வாழ்ந்தனர். உணவில் அவர்களுக்குக் கிடைத்த மீன் பெரும்பாலும் கருவாடு.

இவ்விடத்தில் சொற்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டியுள்ளது. 1958 ஆம் ஆண்டில் சார்ல்ஸ் எல்ட்டன் எழுதிய விலங்கு, தாவரப் படையெடுப்புகள் பற்றிய நூலே இத்துறைக்கு அடித்தளமிட்டது. வானொலிப் பேச்சுகளிலிருந்து உருவான அந்நூல், உலகப்போரின் நினைவு மாறாத காலத்துக்குரியது. படையெடுப்பு, வெடிப்பு முதலான சொற்கள் அதனூடாக அறிவியலிற் புகுந்தன. எல்ட்டனின் அறிவியற் பங்களிப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அச்சொற்கள் இலங்கை போன்ற நாட்டில் வழங்கும்போது அவற்றின் சுமை வேறு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. தலைமுறை தலைமுறையாக அம்மண்ணிலே உழைத்துப் புதைந்தோர் 'வந்தேறிகள்', 'கள்ளத்தோணிகள்' ஆயினர். அவர்களுக்கு அருகே ஓடிய ஓடையிலிருந்த ஆங்கிலேயனின் மீனோ பாதுகாக்கப்பட்ட விளையாட்டுயிரி. ஆகவே, 'அந்நிய இனத்தை வேரறுப்போம்' என்ற முழக்கத்தை நாம் தயக்கத்தோடுதான் கேட்கிறோம். தீங்கு செய்யும் உயிரியைக் கட்டுப்படுத்துவது அவசியமே. அதற்குப் 'பூர்வீகம்' பற்றிய உணர்ச்சிமயமான பேச்சு தேவையற்றது. அப்பேச்சு மீனோடு நின்றுவிடுவதுமில்லை.

அந்நியம் என்பது தன்னளவில் எதையும் விளக்காது என்பதற்கு திலாப்பியா தக்க சான்று. ஆபிரிக்காவுக்குரிய இம்மீன் 1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொணரப்பட்டது. வறண்ட வலயக் குளங்களைப் புதுப்பித்துக் குடியேற்றத் திட்டங்கள் அமைத்த அரசு, அங்குள்ள ஏழை மக்களுக்கு மலிவான புரதம் வேண்டுமென எண்ணியது. (குடியேற்றத் திட்டங்களின் இனவாத அரசியல் தனியாக ஆராய்தற்குரியது; அதனை இங்கு விரிக்கவில்லை.) திலாப்பியா கொல்மீனன்று, பாசியையும் மக்கலையும் உண்பது. ஆற்றுமீன்கள் பலவற்றால் தேங்குநீரில் தழைக்க இயலாதிருந்தபோது, அது பராக்கிரம சமுத்திரம் போன்ற பெருங்குளங்களை நிரப்பியது. உள்நாட்டு மீன்பிடி என்றதொரு தொழிலே அதனால் உருவாகியது எனில் மிகையன்று. வன்னியில் அதனை 'யப்பான் மீன்' என்பர், தமிழகத்திலோ 'ஜிலேபி'. அது உள்நாட்டு மீன்களுக்கு இழைத்த கேடு பற்றிய விவாதம் உண்டு. ஆயினும், விளையாட்டுக்காக விடப்பட்ட ட்ரௌட்டையும் உணவுக்காக விடப்பட்ட திலாப்பியாவையும் ஒரே தலைப்பின்கீழ் எழுதிவைப்பது வரலாற்றை மறைப்பதாகும்.

உணவுக்காக என்ற நோக்கமும் மூலதனத்தின் கையில் எவ்வாறு திரியும் என்பதற்கு விக்ரோறியா ஏரியே உலகறிந்த எடுத்துக்காட்டு. உகண்டா, கென்யா, தன்சானியா ஆகிய மூன்று நாடுகளின் இடையே ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீற்றர் பரப்பில் விரிந்த அவ்வேரியில், ஐந்நூறுக்குக் குறையாத சிறுமீன் இனங்கள் வேறெங்குமின்றி வாழ்ந்தன. 200 கிலோகிராம் வரை வளரத்தக்க நைல் பேர்ச் என்ற கொல்மீன் 1950களில் குடியேற்ற ஆட்சியின்கீழ் அங்கு விடப்பட்டது. சிறுமீனைப் 'பயனற்றது' எனக் கருதி, அதனைத் தின்று பெருக்கும் பெருமீனை விரும்பிய நிருவாகச் சிந்தனை அது. விளைவு ஆபத்தாகலாமென மீனியலாளர் ஜெப்ரி பிரையர் 1960 ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தார். 1980களில் பேர்ச் வெள்ளமெனப் பெருகியது. ஏறத்தாழ இருநூறு சிறுமீன் இனங்கள் மறைந்தன என மதிப்பிடப்படுகிறது. பயிர்நிலக் கழிவினால் நீர் சீர்கெட்டதும் இதற்கு உடந்தை.

அதன்பின் நடந்ததே நமது ஆய்வுக்கு முதன்மையானது. ஏரிக்கரையில் மீனை உலர்த்தி விற்ற பெண்களின் கைகளிலிருந்து தொழில் பறிபோயிற்று. பெருமீனுக்குப் பெருவலை, பெரும்படகு, பனிக்கட்டி, கடன் யாவும் வேண்டியிருந்தன. பதனிடும் ஆலைகள் எழுந்தன. எலும்பு நீக்கிய சதைத்துண்டங்கள் ஐரோப்பாவுக்குப் பறந்தன. கரையில் எஞ்சிய தலையையும் முள்ளெலும்பையும் ஏழைகள் பொரித்து உண்டனர். ஹூபர்ட் சோபர் 2004 ஆம் ஆண்டில் எடுத்த 'டார்வினின் கொடுங்கனவு' என்னும் விவரணப்படம் இக்காட்சிகளை உலகின்முன் வைத்தது. அதன் சில முடிவுகள் சர்ச்சைக்குள்ளாயின எனினும் அக்காட்சிகளின் உண்மை மறுக்கத்தக்கதன்று. ஏற்றுமதி வருவாய் என்ற அளவுகோலால் நோக்குமிடத்து நைல் பேர்ச் ஒரு வெற்றி. மூன்று அரசுகளும் அதனை அழிக்க விரும்பா. தெதுறு ஓயாவில் 'ஆக்கிரமிப்பு' எனப்படுவது விக்ரோறியாவில் 'வளம்' எனப்படுகிறது. எச்சொல் எங்கு வழங்கும் என்பதை மீனின் பல் தீர்மானிப்பதில்லை; அம்மீன் யாருடைய கணக்கேட்டில் எப்பக்கத்தில் எழுதப்படுகிறது என்பதே தீர்மானிக்கிறது.

இலங்கையின் பிற்கால நிலைமைக்கு வருவோம். 1977 ஆம் ஆண்டுக்குப் பிந்திய திறந்த பொருளாதாரத்தில் இறக்குமதி வாயில்கள் அகன்றன. அலங்கார மீன் வளர்ப்பும் ஏற்றுமதியும் அன்னியச் செலாவணி ஈட்டும் தொழிலென ஊக்குவிக்கப்பட்டன. 1990 ஆம் ஆண்டில் அரசு, உயிர்க்கொலைக்கு உதவலாகாதென்ற சமயக் காரணத்தின் பேரில் உள்நாட்டு மீன்பிடிக்கு வழங்கிய ஆதரவினை விலக்கிக்கொண்டது. குஞ்சு வளர்க்கும் நிலையங்கள் செயலிழந்தன. சில தனியார் கைக்கு மாறின. 1994 ஆம் ஆண்டிலேயே அக்கொள்கை திருத்தப்பட்டது. தொட்டியில் நீந்தும் மீனின் வணிகத்துக்கு அத்தடை எதுவும் இருக்கவில்லை என்பது சுவையான செய்தி. குளத்து மீனவரின் வாழ்வை முடக்கிய அகிம்சை, செல்வர் வரவேற்பறையின் கண்ணாடித் தொட்டியை எட்டவில்லை.

இதே 1990களில்தான் கொழும்பை அடுத்த பெல்லன்வில–அத்திடிய சதுப்புநிலத்தில், கத்தியலகு போன்ற உடலும் பக்கங்களிற் கரும்புள்ளி வரிசையுங் கொண்ட தென்கிழக்காசியக் கொல்மீனொன்று காணப்படலாயிற்று. தொட்டியிலிருந்து வந்தது அதுவும். விரல்நீளக் குஞ்சாக விற்கப்படும் அது ஒரு மீற்றர் வரை வளரும். விற்பனை இலாபம் குஞ்சிலேயே முடிந்துவிடுகிறது. வளர்ந்தபின் அது யாருடைய பொருளுமன்று. பண்டம் பண்டமாக இருக்கும்வரையே அதற்கு உடைமையாளன் உண்டு. உடைமை முடிந்த இடத்தில் பொதுநீர் குப்பைக்கிடங்காகிறது. அங்கிருந்து அது எல்லாருடைய, அதாவது வலை வைத்திருக்கும் ஏழையின், சுமையாகிறது. தெதுறு ஓயாவின் பெருவிராலும் இப்பாதையில் வந்ததாயின், ட்ரௌட் காலத்துக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு தெளிவு. அன்று மீனை விட்டவன் பெருமையோடு கழகக் குறிப்பேட்டில் பெயரெழுதினான். இன்று விடுபவனுக்குப் பெயரில்லை.

பெயரில்லாத குற்றத்திற்குச் சட்டம் முற்றாக இல்லையென்று கூறமுடியாது. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் மீன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இடமளிக்கிறது. 1998 ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை நிறுவப்பட்டது. ஆயின் கட்டுப்பாட்டின் பாரம் துறைமுகத்திலும் விமானநிலையத்திலும் வணிகர்மேல் விழாமல், கடைசியில் குளக்கரையில் மீனவர்மேல் விழுகிறது. தூண்டிற் போட்டி நடத்துவது எளிது. வலை கிழிந்தவனுக்கு வலை கொடுப்பதும், இறக்குமதி செய்தவனிடம் அதன் விலையை அறவிடுவதும் எளிதல்ல. போட்டிக்குத் தூண்டிலோடு வருவோருக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. ஹோர்ட்டன் சமவெளித் துரைமாருக்கும் தூண்டில் அவ்வாறே இருந்தது.

வன்னிக் குளங்களில் இன்றைய உடனடிப் பணி ஒன்றுண்டு; அது தமிழாய்வாளரும் பங்குகொள்ள வேண்டியது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய நீர்நிலைகளில் வலைவீசுவோர் எந்த மீனை எப்பெயரால் அழைக்கின்றனர், எது எவ்வாண்டளவில் வந்தது, எது எப்போது அருகியது என்பன எழுதப்படவேண்டும். குஞ்சுகள் வண்டியேற்றப்பட்டுக் குளத்துக்குக் குளம் மாற்றப்படும் நாட்டில், நீரோட்டம் இல்லாத இடத்துக்கும் புதிய மீன் போய்ச்சேரும். பல்கலைக்கழகத்து விலங்கியலாளரின் வலையில் அது படுமுன்னே மீனவனின் வாயில் அதற்கொரு பெயர் வழங்கத் தொடங்கிவிடும். ஆபிரிக்க மீன் 'யப்பான்' ஆனமை அத்தகைய பெயர்களுள் ஒன்று. அதனைப் பிழையெனச் சிரிப்பதிற் பயனில்லை. புதியது, மலிவானது, எங்கிருந்தோ அரசு கொண்டுவந்து தந்தது என்ற ஒரு காலத்தின் அனுபவம் அப்பெயரில் இருக்கிறது. தமிழ் அகராதிகளில் விராலும் வாளையும் உள. யப்பான் இல்லை.